செலவும் அதன் இடமும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் கொற்கை என்று ஓர் ஊர் இருக்கின்றது. இன்று அங்கே காண்பவை நெல்வயல்களும் வாழைத் தோட்டங்களுமே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அது பாண்டியரின் பெருந்துறை; முத்தினால் பெயர் பெற்ற பட்டினம். செங்கடல் வழியாக வாணிகம் செய்த கிரேக்கர் அதனைக் கொல்கி என்று எழுதிவைத்தனர். தாலமியும் தம் நூலில் அதனைக் குறித்தார். 1968-69ஆம் ஆண்டுகளில் மாநிலத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785ஆம் ஆண்டளவினது என்று கணிக்கப்பட்டது. அவ்வளவு பழமை வாய்ந்த துறை, இன்று கடலை விட்டுச் சில கல் தொலைவு உள்ளே கிடக்கின்றது.

அத்துறையை ஒரே நாளில் எவரும் அழித்துவிடவில்லை. ஆறு கொணர்ந்த வண்டல் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிந்தது. எந்த ஆண்டிலும் அது பெரிதாகத் தோன்றியிராது. தோன்றியபோது கப்பல் வர வழியில்லை.

செலவும் வண்டலைப் போன்றதே. ஒரு தொழிலில், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில், ஒரு பள்ளியில், செலவு எங்கே படிகின்றது என்று பாராமல் மொத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், துறை மூடிய பின்னரே நமக்குத் தெரியவரும். எங்கே படிகின்றது என்று பார்ப்பதற்கு மேலாண்மைக் கணக்கியலார் வகுத்த வழிக்குச் ‘செலவு மையம்’ என்று பெயர். இன்று ஏரலிலும் திருவைகுண்டத்திலும் உள்ள கடைக்காரர் கூடக் கணிப்பொறியில் கணக்கு எழுதுகின்றனர். அக்கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் செலவு மையம் என்ற ஏற்பாடு இருக்கின்றது. ஆனால் அதை ஒழுங்காக வகுத்துக்கொண்டவர் மிகச் சிலரே. அவ்வாறு வகுப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், செலவு மையம் என்பது யாது? செலவு நிகழும் இடம் என்று சுருங்கச் சொல்லலாம். ஜெர்மானியர் இதனைக் ‘கொஸ்டன்ஷ்டெல்லெ’ என்கின்றனர். அச்சொல்லுக்கே செலவின் இடம் என்பதுதான் பொருள். ஓர் ஆலையில் ஒரு பகுதி, ஒரு கடையில் ஒரு கிளை, ஒரு மருத்துவமனையில் ஒரு பிரிவு ஆகியவை செலவு மையங்கள் ஆகலாம். ஆனால் இடம் என்பதோடு மற்றொன்றும் சேரவேண்டும். அந்த இடத்தின் செலவுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருத்தல் வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாத செலவு மையம், காவலன் இல்லாத களஞ்சியம் போன்றது.

இது மேல்நாட்டாரிடமிருந்து புதிதாக வந்த சரக்கு என்று எண்ணவேண்டுவதில்லை. பெயர் புதியது, எண்ணம் பழையது. தாமிரபரணிக் கரையிலேயே அதற்குச் சான்று இருக்கின்றது.

அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த வரகுண மகாராசனின் கல்வெட்டு ஒன்று உண்டு. மன்னன் 290 காசை இளங்கோக்குடிச் சபையாரிடம் கொடுத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை, அஃதாவது வட்டி. ஆக, ஆண்டுக்கு 580 கலம் நெல் வரவேண்டும். முதல் குறையக்கூடாது, பொலிசை மட்டுமே செலவாகலாம். அந்நெல்லைக் கொண்டு நாள்தோறும் நான்கு வேளைத் திருவமுதுக்கு அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை முதலியன ஆகும் வகையைக் கல்வெட்டு பிரித்துப் பிரித்துக் கூறுகின்றது.

திருச்செந்தூரில் உள்ள வரகுணனின் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அங்கே முருகன் கோயிலின் ஆண்டுச் செலவுக்காக 1400 காசு வைக்கப்பட்டது. அதை ஒரே ஊரிடம் ஒப்படைக்காமல் பல ஊர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தனர். அவ்வூர்களுள் நம் கொற்கையும் ஒன்று. இன்ன ஊர் இவ்வளவு காசு பெற்றது, அதற்கு இவ்வளவு தரவேண்டும் என்று ஊர்வாரியாகக் கல்லில் வெட்டினர்.

இதனால் பெறப்படுவது யாது? மூன்று வினாக்களுக்கு அக்கற்கள் விடை சொல்லுகின்றன. பொருள் எதற்குச் செலவாகின்றது? எந்தக் காரியத்தின் கீழ்ச் செலவாகின்றது? யார் பொறுப்பு? இம்மூன்றும் தெளிவாக இருந்தால் அரசன் மாறினாலும் கணக்கு மாறாது. இன்று கணிப்பொறியில் செலவு மையம் வகுப்பவரும் இம்மூன்று வினாக்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி, பலரும் இடறும் முதல் இடத்திற்கு வருவோம். செலவின் இனம் வேறு. செலவின் இடம் வேறு. டீசல் என்பது இனம். டிராக்டர் என்பது இடம். சம்பளம் என்பது இனம். உரக்கடை என்பது இடம். பேரேட்டில் இனத்திற்குத் தலைப்புப் போடவேண்டும். இடத்திற்குச் செலவு மையம் போடவேண்டும். இதனை உணராதவர் என்ன செய்கின்றனர்? ‘டிராக்டர் டீசல்’, ‘வேன் டீசல்’, ‘கடைச் சம்பளம்’, ‘அலுவலகச் சம்பளம்’ என்று பேரேட்டுத் தலைப்புகளையே பெருக்கிக்கொண்டு போகின்றனர்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் செலவின் இனங்கள் 20, இடங்கள் 15 என்று கொள்வோம். இரண்டையும் குழைத்துத் தலைப்பு இட்டால் 300 தலைப்புகள் வேண்டும். தனித்தனியே வைத்தால் 20 தலைப்பும் 15 மையமும், ஆக 35 பெயர்களே போதும். ஒவ்வொரு செலவுச் சீட்டை எழுதும்போதும் இனம் ஒன்று, இடம் ஒன்று என்று இரண்டைக் குறித்துவிட்டால், எந்த இனம் எந்த இடத்தில் எவ்வளவு என்பதைக் கணிப்பொறியே கூட்டித் தரும். முந்நூறு தலைப்பில் எதை எங்கே எழுதுவது என்று எழுத்தர் திகைப்பதும், திகைத்துத் தவறான தலைப்பில் எழுதுவதும் இதனால் ஒழியும்.

நம் நாட்டுச் சிறு வணிகர் பெரிதும் கையாளுவது டேலி என்னும் மென்பொருள். 1986இல் சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூர் நிறுவனத்தின் ஆக்கம் அது. அதில் செலவு மையம் தவிர, செலவு வகை என்று ஒன்றும் இருக்கின்றது. இதன் பயனை அறிந்தவர் குறைவு. ஒரே செலவை இரு வேறு நோக்கில் காண அது உதவும். ‘பிரிவு’ என்று ஒரு வகை. அதனுள் டிராக்டர், உரக்கடை, வாழை விற்பனை என்னும் மையங்கள். ‘பருவம்’ என்று மற்றொரு வகை; அதனுள் கார், பிசானம் என்னும் மையங்கள். டிராக்டருக்கு வாங்கிய 1000 ரூபாய் டீசலை முதல் வகையில் டிராக்டர் என்றும், இரண்டாம் வகையில் பிசானம் என்றும் குறிக்கலாம். செலவு 2000 ரூபாய் ஆகிவிடாது. ஒரே ஆளைப் பெயராலும் அழைக்கின்றோம், ஊராலும் அழைக்கின்றோம். அதனால் ஆள் இருவராவது இல்லையன்றோ?

பருவம் என்பதைப் பிரிவோடு ஒட்டிக் ‘கார் டிராக்டர்’, ‘பிசான டிராக்டர்’ என்று மையங்களை வெட்டுவது மீண்டும் அந்த முந்நூறு தலைப்புக் குழப்பத்திற்கே நம்மைக் கொண்டுசேர்க்கும். இரு வினாக்கள் இருந்தால் இரு வகைகள் வையுங்கள். ஒரு வகைக்குள் இரு வினாக்களைத் திணியாதீர்கள்.

அடுத்தது, மையங்களை அடுக்கும் முறை. செலவு மையங்கள் மரம் போலக் கிளைத்திருத்தல் வேண்டும். தாழையூத்தில் 1949இல் உற்பத்தி தொடங்கிய சிமெண்டு ஆலை போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம், கல்லை உடைக்கும் பகுதி, மூலப்பொருளை அரைக்கும் ஆலை, சுடும் சூளை, சிமெண்டு அரைக்கும் ஆலை, மூட்டை கட்டும் பகுதி என்று பொருள் செல்லும் வழியே மையங்களும் அமைந்துவிடும். இவை உற்பத்தி என்னும் ஒரு கிளையின் கீழ் வரும். மின்சாரம், பழுது பார்க்கும் பட்டறை, ஆய்வுக்கூடம், உணவுச்சாலை ஆகியவை பணிசெய் மையங்கள். இவை மற்றொரு கிளை. அலுவலகமும் விற்பனையும் வேறு கிளைகள்.

இம்மரத்தில் செலவை எழுதுவது இலைகளில் மட்டுமே. கிளைகள் கூட்டுத்தொகை காட்டுவதற்கு உரியவை. கிளையிலும் எழுதலாம், இலையிலும் எழுதலாம் என்று இடங்கொடுத்தால், எழுத்தர் சோம்பலால் எல்லாவற்றையும் கிளையிலேயே எழுதிவிடுவார். பிறகு இலைகள் எதற்கு?

இலைகள் எத்தனை இருக்கலாம்? இதற்கு ஓர் அளவுகோல் சொல்லுகின்றேன். ஒரு மையத்தின் எண்ணிக்கையைக் கண்டு எவரேனும் ஏதேனும் ஒரு முடிவு எடுப்பாரா? எடுப்பார் என்றால் அம்மையம் வேண்டும். எவரும் எந்த முடிவும் எடுக்கமாட்டார் என்றால் அம்மையம் வேண்டாம். மேசை ஒன்றுக்கு ஒரு மையம், விளக்கு ஒன்றுக்கு ஒரு மையம் என்று வகுப்பவர் கணக்கிற்காகத் தொழில் நடத்துகின்றாரே அன்றித் தொழிலுக்காகக் கணக்கு எழுதவில்லை.

மற்றொரு தீமையையும் சொல்லவேண்டும். அது ‘இதர’ என்னும் மையம். ஏதோ ஒன்றிரண்டு சில்லறைச் செலவுக்கென்று அதைத் திறப்பார்கள். ஆறு மாதம் சென்று பார்த்தால், சம்பளத்திற்கு அடுத்த பெரிய தொகை ‘இதர’வில் இருக்கும். கொற்கைத் துறையில் வண்டல் படிந்தது என்றேனே, கணக்கில் அந்த வண்டல் படியும் இடம் இதுவே. ‘இதர’ வேண்டுமாயின் அதற்கும் ஒரு பொறுப்பாளரை வையுங்கள். மாதந்தோறும் அதைத் துடைத்துச் சரியான மையத்திற்கு மாற்றச் செய்யுங்கள்.

பொறுப்பாளர் என்னும்போது, ஆளின் பெயரை மையத்திற்கு இடலாகாது. பதவியின் பெயரையே இடவேண்டும். ஆள் மாறுவார், பதவி நிற்கும். மையங்களுக்கு எண் இடும்போதும் 1, 2, 3 என்று நெருக்காமல் 100, 110, 120 என்று இடைவெளி விட்டு இடுங்கள். நாளை புதிதாக ஒரு பிரிவு தோன்றினால் அதற்கு இடம் இருக்கும். ஆண்டின் நடுவில் மையத்தின் பொருளை மாற்றாதீர்கள். ஏப்ரல் முதல் நாள் மாற்றுங்கள். இல்லையேல் சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத கணக்கு, பாதிக் கணக்கே.

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவது அரியது. பல இடங்களுக்கும் பொதுவாகிய செலவை என்ன செய்வது?

முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கொற்கையின் பெருமை பின்னாளில் தூத்துக்குடிக்குச் சென்றது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்த தொழில் அன்று. 1926 முதல் 1928 வரை நடந்தது. அதன்பின் பல ஆண்டுகள் இல்லை. 1955இல் மீண்டும் தொடங்கி 1961 வரை நடந்தது. எடுத்த சிப்பியில் அரசுக்கு இரண்டு பங்கு, குளித்தவர்க்கு ஒரு பங்கு என்பது நெடுநாள் வழக்கம். குளிப்பு இல்லாத ஆண்டுகளிலும் சிப்பி விளைந்திருக்கின்றதா என்று பார்களைச் சோதிக்கவேண்டும். அதற்குப் படகு, ஆள், மேற்பார்வை ஆகிய செலவுகள் உண்டு. அதே கடலில் சங்குகுளிப்பு நடந்துகொண்டே இருந்தது. அச்சங்கு வளையல் அறுக்க வங்காளத்திற்குச் சென்றது.

இப்பொழுது கேளுங்கள்: முத்து இல்லாத ஆண்டில் பார் சோதித்த செலவை எங்கே எழுதுவது? அந்த ஆண்டில் வரவு காட்டிய சங்கின் தலையில் எழுதினால், சங்குத் தொழில் நலிந்ததுபோலத் தோன்றும். முத்துக்குளித்த ஆண்டின் செலவை மட்டும் முத்தின் கணக்கில் எழுதினால், முத்துத் தொழில் கொழுத்ததுபோலத் தோன்றும். இரண்டுமே பொய்த் தோற்றம். முத்தைத் தேடிய செலவு முத்தின் செலவே. கிடைத்த ஆண்டிலும் கிடையாத ஆண்டிலும் அது முத்து என்னும் மையத்திலேயே நிற்கவேண்டும். அப்பொழுதுதான் பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, முத்து நமக்கு எவ்வளவில் கிடைத்தது என்று சொல்லமுடியும். செலவைத் தாங்கும் வலிமை உள்ளவன் தலையில் ஏற்றுவது எளிது. செலவை உண்டாக்கியவன் தலையில் ஏற்றுவதே நீதி.

இந்நீதி தவறினால் விளைவது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் 2003 முதல் உழவர்கள் ஒன்றுகூடி உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்க வழி பிறந்தது. கொற்கை வட்டாரத்தில் அப்படி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதற்குத் தொழில் மூன்று: உறுப்பினரின் வாழைத்தாரை விற்றுக்கொடுத்தல், உரக்கடை நடத்துதல், டிராக்டர் வாடகைக்கு விடுதல்.

வாழை விற்பனையில் ஆண்டு வரவு 80 லட்சம் ரூபாய். அதற்கே உரிய நேர்ச் செலவு போக மிச்சம் 5 லட்சத்து 50 ஆயிரம். உரக்கடையில் வரவு 40 லட்சம். நேர்ச் செலவு போக மிச்சம் 2 லட்சத்து 50 ஆயிரம். டிராக்டரில் வரவு 9 லட்சம். ஓட்டுநர் கூலி, டீசல், பழுது, தேய்மானம் எல்லாம் போக மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம். மூன்றும் சேர்ந்து மிச்சம் 9 லட்சத்து 50 ஆயிரம். மேலாளர் சம்பளம், கட்டட வாடகை, தணிக்கைக் கட்டணம் என்று அலுவலகப் பொதுச் செலவு 6 லட்சம். அது போக நிறுவனத்தின் நிகர இலாபம் 3 லட்சத்து 50 ஆயிரம். நல்ல நிலைதான்.

கணக்கர் ஒருவர் வருகின்றார். பொதுச் செலவு 6 லட்சத்தை மூன்று மையங்களுக்கும் சமமாகப் பகிர்க என்று கணிப்பொறிக்கு விதி எழுதிவிடுகின்றார். தலைக்கு 2 லட்சம். உடனே வாழை 3 லட்சத்து 50 ஆயிரம் இலாபம் காட்டுகின்றது. உரக்கடை 50 ஆயிரம் இலாபம் காட்டுகின்றது. டிராக்டரோ 50 ஆயிரம் நட்டம் காட்டுகின்றது. பேரவைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, “நட்டம் தரும் டிராக்டர் நமக்கு எதற்கு? விற்றுவிடுவோம்” என்கின்றார். கை தூக்குகின்றார்கள். டிராக்டர் போகின்றது.

அடுத்த ஆண்டு நடப்பது என்ன? டிராக்டர் தந்த 1 லட்சத்து 50 ஆயிரம் மிச்சம் இல்லை. மேலாளர் சம்பளமும் வாடகையும் குறையவில்லை. 6 லட்சம் 6 லட்சமாகவே நிற்கின்றது. இப்போது அதைச் சுமப்பவை இரண்டே. தலைக்கு 3 லட்சம். வாழை 2 லட்சத்து 50 ஆயிரம் இலாபம். உரக்கடை 50 ஆயிரம் நட்டம்! சென்ற ஆண்டு இலாபம் காட்டிய கடை இந்த ஆண்டு நட்டம் காட்டுகின்றது. கடையில் எந்தக் குற்றமும் இல்லை. சுமை மட்டுமே மாறியிருக்கின்றது. அதையும் மூடுகின்றார்கள். மூன்றாம் ஆண்டு வாழை ஒன்றே 6 லட்சத்தையும் சுமக்கின்றது. அதன் மிச்சம் 5 லட்சத்து 50 ஆயிரம். ஆகவே 50 ஆயிரம் நட்டம். இனி நிறுவனத்தையே மூடவேண்டியதுதான்.

மூன்றரை லட்சம் இலாபம் ஈட்டிய நிறுவனம் மூன்றே ஆண்டுகளில் நட்டத்தில் விழுந்தது. மழை பொய்க்கவில்லை, விலை விழவில்லை, எவரும் திருடவில்லை. பகிர்வு விதி ஒன்றே அதை வீழ்த்தியது. இதில் துன்புறுபவர் யார்? அரை ஏக்கர் நிலம் வைத்துக்கொண்டு, சொந்தமாக டிராக்டர் வாங்க வழியில்லாமல், நிறுவனத்தின் டிராக்டரை நம்பியிருந்த சிறு உழவர். அவர் இனி வெளியார் சொல்லும் வாடகையைக் கொடுத்தே தீரவேண்டும்.

சமமாகப் பகிர்ந்ததுதான் பிழை, வரவின் விகிதத்தில் பகிர்ந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். அப்படிச் செய்தால் டிராக்டரின் பங்கு ஏறத்தாழ 42 ஆயிரம் ரூபாய். மூன்றுமே இலாபம் காட்டும். ஆனால் வாழைத்தார் விலை உயர்ந்த ஆண்டில் வாழையின் பங்கு ஏறிவிடும். அலுவலகத்தை அது கூடுதலாகப் பயன்படுத்தியதா என்றால், இல்லை. ஆகவே அதுவும் முழு உண்மை அன்று. எந்த விகிதத்தில் பகிர்ந்தாலும் மொத்த இலாபம் அதே 3 லட்சத்து 50 ஆயிரம்தான். பகிர்வு பணத்தை உண்டாக்குவதும் இல்லை, ஒழிப்பதும் இல்லை. நம் கண்ணுக்குக் காட்டும் உருவத்தையே மாற்றுகின்றது.

அப்படியானால் செய்யவேண்டுவது யாது? நான்கு செய்திகளைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, அளக்கக்கூடியதைப் பகிராதீர்கள். உரக்கடைக்குத் தனி மின் மீட்டர் வைத்துவிட்டால் மின்கட்டணத்தைப் பகிரவேண்டுவதில்லை, அளந்ததே கணக்கு. ஒரு மீட்டரின் விலை, ஆண்டுதோறும் நிகழும் பூசலின் விலையைவிடக் குறைவு.

இரண்டாவது, அளக்க இயலாததைப் பயன்பாட்டின்படி பகிருங்கள். உணவுச்சாலையை ஆள் எண்ணிக்கையால் பகிரலாம். வாடகையைச் சதுர அடியால் பகிரலாம். கணக்கு எழுதும் செலவைச் சீட்டு எண்ணிக்கையால் பகிரலாம். பட்டறை உணவுச்சாலைக்கும், உணவுச்சாலை பட்டறைக்கும் பணி செய்வதுபோல் ஒன்றுக்கொன்று உதவும் மையங்கள் இருந்தால், பலருக்கும் பணி செய்யும் மையத்தை முதலில் பகிர்ந்து முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

மூன்றாவது, பகிர்ந்ததையும் நேரே செலவானதையும் ஒரே தொகையாகக் கலந்து காட்டாதீர்கள். அறிக்கையில் முதலில் வரவு, அடுத்து நேர்ச் செலவு, அதன் கீழ் நேர் மிச்சம். அதன் பின்னரே பொதுச் செலவின் பங்கு என்று வரிசைப்படுத்துங்கள். பேரவையில் எழுந்த உறுப்பினருக்கு டிராக்டரின் நேர் மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் என்ற ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால், அவர் அப்படிப் பேசியிருக்கமாட்டார். 1972இல் ஜெர்மனியில் தோன்றிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மென்பொருள் போன்ற பெரிய ஏற்பாடுகளில், பகிர்ந்த செலவுக்கெனத் தனி எண்ணே இட்டு, அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். சிறு மென்பொருளிலும் ‘பொதுச் செலவுப் பங்கு’ என்று தனித் தலைப்பு வைத்துக்கொள்ள எவர் தடுக்கின்றார்?

நான்காவது, ஒரு பிரிவை மூடலாமா என்னும் வினா எழும்போது, பகிர்வைக் கேளாதீர்கள். ‘இதை மூடினால் எந்தச் செலவு உண்மையாகவே நின்றுபோகும்?’ என்று கேளுங்கள். டிராக்டர் போனால் எழுத்தர் ஒருவரின் வேலை மிஞ்சிவிடும் என்றால், அவர் சம்பளம் பொதுச் செலவே அன்று. அது டிராக்டரின் நேர்ச் செலவாக முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு எழுதியபின்னும் நேர் மிச்சம் நிற்குமானால், அப்பிரிவு அலுவலகச் சுமையில் ஒரு தோள் கொடுக்கின்றது என்று பொருள். தோள் கொடுப்பவனைச் சுமை என்று எண்ணித் தள்ளிவிடலாகாது. அதற்காக நேர் மிச்சம் இருந்தாலே போதும் என்று உறங்கிவிடவும் கூடாது. எல்லாத் தோள்களும் சேர்ந்து 6 லட்சத்தைத் தாங்கவேண்டும் அல்லவா?

நேயர்களே! செலவுக் கணக்கியல் நம் நாட்டில் ஒரு தனிக் கலையாக வளர்ந்துவிட்டது. அதற்கென 1944இல் ஓர் அமைப்புத் தோன்றி, 1959இல் தனிச் சட்டம் பெற்றது. சில தொழில்களில் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்யவும் சட்டம் உண்டு. ஆனால் செலவு மையத்தை வகுப்பது கற்றறிந்த கணக்காளர்க்கு மட்டும் உரிய வேலை அன்று. எந்த இடத்தில் என்ன நடக்கின்றது என்று அறிந்தவர் அங்கே வேலை செய்பவரே. ஆகவே, கணிப்பொறியின் முன் அமர்வதற்கு முன், ஒரு தாளை எடுத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுநரையும் கடைப் பொறுப்பாளரையும் எடையாளரையும் அழையுங்கள். எதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியும், எதற்கு முடியாது என்று கேளுங்கள். அவர்கள் விடையை வைத்து மரத்தை வரையுங்கள். மரம் தாளில் தெளிவானபின் அதைக் கணிப்பொறியில் ஏற்றுவது அரை நாள் வேலை. தாளில் தெளிவில்லாததை எந்த மென்பொருளும் தெளிவாக்காது. மென்பொருளுக்குக் கூட்டத் தெரியும், பகிரத் தெரியும், நியாயம் தெரியாது. விதி எழுதும் நமக்கே அது தெரியவேண்டும்.

வரகுணன் காலத்தவர் கணக்கைக் கல்லில் வெட்டினர். கல்லில் வெட்டினால் மாற்ற முடியாது என்பதனால், வெட்டுமுன் நன்கு சிந்தித்தனர். நம் கணக்கைத் திரையில் ஒரு விரல் தொட்டு மாற்றிவிடலாம். எளிதில் மாற்றலாம் என்பதனால் சிந்தியாமல் எழுதத் துணியலாகாது. அந்தத் திரையில் தோன்றும் ஒரு நட்டக்குறியை நம்பித்தான் ஒரு கடை மூடப்படுகின்றது. ஓர் ஓட்டுநர் வேலை இழக்கின்றார். ஒரு சிறு உழவர் ஏர் பூட்ட வழியின்றி நிற்கின்றார். ஆகவே செலவுக்கு உரிய இடத்தைச் செலவுக்குக் கொடுங்கள். அந்த இடத்திற்குப் பதில் சொல்ல ஓர் ஆளை வையுங்கள். பொதுச் சுமையைப் பொதுச் சுமை என்றே வெளிப்படக் காட்டுங்கள். இம்மூன்றும் அமைந்த கணக்கு, மறைவாகப் படியும் வண்டலைக் காலத்தே காட்டும். துறையும் தூர்ந்துபோகாமல் நிற்கும்.